தெர்மோஸ்டாட் பழுதா? டீசல் என்ஜினின் சூட்டைப் பார்த்துக் கண்டறியும் முறை

டீசல் என்ஜினில் இருக்கும் தெர்மோஸ்டாட் என்ஜினைக் குளிர்விக்கும் ஓர் உறுப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் முதல் வேலை அதற்கு நேர்மாறானது: என்ஜின் தன் வேலைக்குத் தேவையான சூட்டை அடையும் வரை, கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம், அதன் வெப்பத்தைக் காற்றுக்கு விடும் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைப்பதே அதன் பணி. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பழுதான தெர்மோஸ்டாட் ஏன் ஒரு வண்டியைக் கொதிக்க வைக்கிறது, இன்னொரு வண்டியை ஏன் சூடேறவே விடுவதில்லை என்பது குழப்பமில்லாமல் புரியும்.

கூலன்ட் செல்லும் பாதையை முதலில் பார்ப்போம். வாட்டர் பம்ப் தள்ளும் கூலன்ட், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளின் வழியாகவும் சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் வழியாகவும் ஓடி, அங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்ட உறையை வந்தடைகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால், கூலன்ட் பைபாஸ் எனப்படும் சிறிய வழியாகத் திரும்பப் பம்புக்கே போய், என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவை எட்டியதும் தெர்மோஸ்டாட் மெல்லத் திறந்து, கூலன்டின் ஒரு பகுதியை ரேடியேட்டருக்கு அனுப்பத் தொடங்குகிறது. பல டீசல் என்ஜின்களில் இந்தத் திறப்பு 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழ 95 டிகிரியில் முழுமை பெறும். என்ஜினுக்கு என்ஜின் இந்த எண்கள் மாறும். திறக்கத் தொடங்கும் வெப்பநிலை பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவையும் செய்வது ஒரு சிறு கிண்ணத்தில் அடைக்கப்பட்ட மெழுகு. மெழுகு உருகும்போது அதன் கன அளவு 10 விழுக்காட்டுக்கும் மேல் பெருகும். வெப்பம் விரைவாகப் பரவுவதற்காக அந்த மெழுகில் செம்புத் தூளும் கலக்கப்படுவதுண்டு. உருகிப் பெருகும் மெழுகு ஒரு சிறு தண்டை வெளியே தள்ள முயல்கிறது. தண்டு சட்டத்தில் ஊன்றி நிற்பதால், கிண்ணமே பின்னோக்கி நகர்ந்து, அதோடு இணைந்த வால்வு சுருள்வில்லின் எதிர்ப்பை மீறித் திறக்கிறது. மெழுகு இறுகிச் சுருங்கும்போது வில் வால்வைத் திரும்ப மூடிவிடுகிறது. மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். அண்மைக்கால என்ஜின்கள் சிலவற்றில் மெழுகுக்குள் ஒரு மின்சூடேற்றியை வைத்து, என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி விரும்பும்போது முன்கூட்டியே திறக்கச் செய்கிறார்கள் என்றாலும், அடிப்படை இயக்கம் அதே மெழுகுதான்.

பழுது எந்தப் பக்கம் சாயும் என்பதற்கான விடையும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. கிண்ணத்தில் கசிவு ஏற்பட்டு மெழுகு வெளியேறிவிட்டால், தண்டைத் தள்ளுவதற்கு எதுவும் இருக்காது. வில் வால்வை மூடியபடியே பிடித்துக்கொள்ளும். என்ஜின் கொதிக்கும். மாறாக, துருவோ படிவோ வால்வின் விளிம்பில் சிக்கிக்கொண்டாலும், தண்டு இறுகிப்போனாலும், வில் உடைந்தாலும் வால்வு முழுமையாக மூட முடியாமல் திறந்தே நிற்கும். என்ஜின் தேவையான சூட்டை அடையாது. இந்த இரண்டு பழுதுகளுக்கு நடுவே, தாமதமாகத் திறப்பது, பாதி மட்டும் திறப்பது, சில நாள் ஒழுங்காகவும் சில நாள் சிக்கிக்கொண்டும் இயங்குவது என்று பல நிலைகள் உண்டு. கண்டறிவதற்குக் கடினமானவை இந்த இடைநிலைகளே.

திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட், டீசலுக்கு ஏன் கூடுதல் கேடு

மூடிக்கொண்ட தெர்மோஸ்டாட் தன்னைத் தானே அறிவித்துவிடும். வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக்குப் போகும், ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். திறந்தே நிற்பது அப்படியன்று. வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும், எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாமல் மாதக்கணக்கில்கூட இந்த நிலை நீடிக்கலாம். ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

டீசல் என்ஜின் எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கைச் சுழற்சியாக மாற்றிவிடுவதால், கூலன்டுக்குப் போய்ச்சேரும் வீண்வெப்பம் பெட்ரோல் என்ஜினைவிடக் குறைவு. அத்துடன், ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் சுமையின்றி ஓடிக்கொண்டு நிற்கும் டீசல் என்ஜின் மிகக் குறைந்த எரிபொருளை எரித்து, தேவைக்கும் பல மடங்கு அதிகமான காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றே உள்ளிருக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்றுவிடும். ஆகவே நல்ல தெர்மோஸ்டாட் உள்ள டீசல் என்ஜினே நின்ற இடத்தில் சூடேறுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. தெர்மோஸ்டாட் திறந்து நின்றால், கிடைக்கும் கொஞ்ச வெப்பமும் ரேடியேட்டர் வழியாக வெளியேறிவிடுகிறது.

குளிர்ந்த சிலிண்டர் சுவரில் டீசல் முழுமையாக எரிவதில்லை. எரியாத எரிபொருள் வெண்புகையாக வெளியேறும். ஒரு பகுதி சுவரின் மேலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். எரிதலில் உண்டாகும் நீராவி, சூடான என்ஜினில் ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த என்ஜினில் அது நீராகப் படிந்து, எரிபொருளிலுள்ள கந்தகத்தின் எரிவிளைபொருளோடு சேர்ந்து அமிலமாகி, சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்குகளையும் அரிக்கும். டீசல் துகள் வடிகட்டி உள்ள வண்டிகளில், கூலன்ட் போதிய சூட்டை அடையாதவரை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலையைக் கணினி தொடங்காமல் தள்ளிப்போடக்கூடும். அதனால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் வடிகட்டிக்கான மூலக்காரணம் தெர்மோஸ்டாட்டாக இருப்பதும் உண்டு. குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களில் இந்தச் சேதம் இன்னும் வேகமாகச் சேரும்.

எனவே ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று மட்டுமே வருவது, எரிபொருள் செலவு காரணமின்றிக் கூடுவது, ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போவது ஆகியவற்றை அற்பமான குறைகளாக ஒதுக்கிவிட வேண்டாம். ஆயில் மட்டம் ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் மற்ற அறிகுறிகளோடு சேர்ந்து வந்தால் தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது நியாயமே.

ஆறிய என்ஜினிலிருந்து தொடங்குங்கள்

ஏற்கெனவே சூடாகி நிற்கும் என்ஜினை ஒரு முறை தொட்டுப் பார்த்தோ, ஒரே ஓர் அளவை எடுத்தோ தெர்மோஸ்டாட்டைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. வெப்பநிலை எப்படி ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எப்போது இறங்குகிறது என்ற முழு ஓட்டத்தையும் பார்த்தால்தான் வால்வு எப்போது திறந்தது, திறந்ததா என்பதே தெரியவரும். ஆகவே இரவு முழுவதும் ஆறிய என்ஜினில் சோதனையைத் தொடங்குவதே முறை.

முதலில் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். மூடியை ஆறிய நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். சூடான அமைப்பில் கூலன்ட் அழுத்தத்தின் கீழ் இருக்கும். வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் போய், 100 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும் திரவம் உடனே ஆவியாகச் சீறிப் பாயும். இதனால் முகமும் கைகளும் வெந்துபோனவர்கள் உண்டு. அவசரம் எவ்வளவு இருந்தாலும் பொறுக்கத்தான் வேண்டும்.

மட்டம் சரியாக இருந்தால், கூலன்டின் வெப்பநிலையைப் பார்க்க வழிசெய்துகொள்ளுங்கள். டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வண்டிகளில் அந்த முள், கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநரைத் தேவையின்றிக் கலங்கவைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பழுதைத் தேடுபவருக்கு அதே ஏற்பாடு உண்மையை மறைக்கிறது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை இணைத்தால் சென்சார் சொல்லும் எண்ணையே நேராகப் பார்க்கலாம். என்ஜினை இயக்குவதற்கு முன், ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரவு முழுவதும் நின்ற என்ஜினில் இரண்டும் சூழலின் வெப்பநிலையைத்தான் காட்ட வேண்டும். கூலன்ட் எண் மட்டும் பெரிதும் விலகியிருந்தால், குறை சென்சாரில் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது என்ஜினை இயக்கி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) கவனியுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், என்ஜின் சூடேறிக்கொண்டிருக்கும் வரை அந்த ஹோஸ் ஏறக்குறையக் குளிர்ந்தே இருக்கும். காற்றை வெளியேற்றுவதற்காகத் தெர்மோஸ்டாட்டில் விட்டிருக்கும் சிறு துளை வழியாகச் சொட்டுச்சொட்டாகக் கடக்கும் கூலன்டால் இலேசான வெதுவெதுப்பு வரலாம், அவ்வளவே. வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டிச் சற்று நேரத்தில், அதே ஹோஸ் குறுகிய நேரத்துக்குள் சூடாகும். ஸ்கேனரிலும் அந்தக் கணம் தெரியும்: ஏறிக்கொண்டிருந்த எண் நின்று, ரேடியேட்டரில் கிடந்த குளிர்ந்த கூலன்ட் உள்ளே வருவதால் சில டிகிரி இறங்கி, மீண்டும் ஏறி, ஓரிரு முறை இப்படி ஊசலாடி, பின் ஓரிடத்தில் நிலைபெறும். இந்த ஊசலாட்டம்தான் வால்வு உயிரோடு இருக்கிறது என்பதற்கான அடையாளம். டீசல் என்ஜின் நின்ற இடத்தில் இந்த நிலையை அடையாமலே போகலாம். வண்டியை ஓட்டிச் சுமை கொடுத்துத்தான் முழுச் சோதனையையும் செய்ய வேண்டும்.

இயக்கிய சில நிமிடங்களிலேயே, என்ஜின் 40, 50 டிகிரியில் இருக்கும்போதே, மேல் ஹோஸும் அதனுடன் சேர்ந்து படிப்படியாகச் சூடாகிக்கொண்டு வந்தால் வால்வு திறந்து நிற்கிறது. வண்டியை ஓட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விரைவுச் சாலையில் காற்று ரேடியேட்டரின் மேல் வேகமாக வீசும்போது எண் 60, 65 டிகிரிக்கு இறங்கும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது மெல்ல ஏறும். நீண்ட இறக்கத்தில் மறுபடியும் வீழும். நல்ல தெர்மோஸ்டாட் இந்த ஏற்ற இறக்கங்களைத் தன் திறப்பை மாற்றிச் சமன் செய்துவிடும். சாலையின் தன்மைக்கேற்ப வெப்பநிலை அலைந்தால், கட்டுப்படுத்த வேண்டியவர் வேலையில் இல்லை என்றே பொருள். கணினி உள்ள வண்டிகளில் பி0128 என்ற பிழைக்குறியும் பதிவாகலாம். கூலன்ட் எதிர்பார்த்த நேரத்துக்குள் தெர்மோஸ்டாட்டின் வெப்பநிலையை அடையவில்லை என்பதே அதன் பொருள். கூலன்ட் குறைவாலும் சென்சார் பழுதாலும் அதே குறி வரக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு உறுப்பை மாற்றிவிடக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில், எண் 95, 100, 105 என்று எங்கும் தயங்காமல் ஏறிக்கொண்டே போக, மேல் ஹோஸும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால், வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், அதற்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான கேஸ்கெட் போகும். ஒரு சிறிய உறுப்பின் பழுது என்ஜினைப் பிரிக்கும் வேலையாகப் பெருகிவிடும்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். எல்லா என்ஜின்களிலும் தெர்மோஸ்டாட் கூலன்ட் வெளியேறும் பக்கத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் அது பம்புக்குள் கூலன்ட் நுழையும் பக்கத்தில், கீழ் ஹோஸின் முனையில் இருக்கும். அத்தகைய என்ஜினில் மேல் ஹோஸ் முன்கூட்டியே சூடாவது இயல்புதான். கீழ் ஹோஸ் எப்போது சூடாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரிய லாரி என்ஜின்களில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் அருகருகே இருப்பதும் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் பழுதானால் அறிகுறிகள் மங்கலாகவே தெரியும்.

ஹோஸைக் கையால் தொடுவதைவிட அகச்சிவப்பு வெப்பமானி நல்லது. ஆனால் பளபளக்கும் அலுமினிய உறையின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைந்த எண்ணைச் சொல்லும், ஏனெனில் பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாகக் குறைவாகவே வெளிவிடும். கறுப்பு ரப்பர் ஹோஸின் மேலோ, உறையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் மேலோ அளந்தால் நம்பகமான எண் கிடைக்கும். எந்த முறையில் பார்த்தாலும் கையும் துணியும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத் தொலைவில் இருக்கட்டும். மின்விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கலாம்.

தெர்மோஸ்டாட்டின் மேல் வீண்பழி விழும் இடங்கள்

என்ஜின் கொதித்தால் முதலில் சந்தேகிக்கப்படுவது தெர்மோஸ்டாட். ஆனால் பல நேரங்களில் குற்றவாளி வேறொன்று. நின்ற இடத்திலும் நெரிசலிலும் மட்டும் சூடேறி, வேகமெடுத்ததும் தணிந்தால், விசிறியையோ அதை என்ஜினுடன் இணைக்கும் கிளட்சையோ பாருங்கள். கிளட்ச் இறுகிப்போய் விசிறி எப்போதும் முழுவேகத்தில் இரைந்துகொண்டிருந்தால் என்ஜின் வழக்கத்தைவிடத் தாமதமாகச் சூடேறும். திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட் என்று அதைத் தவறாக எண்ணிவிடலாம், ஆயினும் அந்த இரைச்சலே காட்டிக்கொடுத்துவிடும். ஆறிய என்ஜினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லைப்போல் இறுகி, கூலன்ட் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் வந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கெட்டைத் தாண்டிக் கூலன்டுக்குள் நுழைகிறது; புதிய தெர்மோஸ்டாட் போட்டு எந்தப் பயனும் இல்லை.

சமதளத்தில் ஒழுங்காக ஓடி, சுமையேற்றி மேடேறும்போது மட்டும் சூடேறும் வண்டியில்தான் முடிவுசெய்வது கடினம். பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் இதைச் செய்யும், அடைத்த ரேடியேட்டரும் செய்யும். ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளில் தூசி அப்பியிருந்தால், கூலன்ட் வெப்பத்தை இழக்காமலே திரும்புவதால் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் இடையே வெப்ப வேறுபாடு குறைவாக இருக்கும். ஓட்டமே குறைந்துவிட்டால் வேறுபாடு பெரிதாகும். ஆனால் அந்தக் குறைவு தெர்மோஸ்டாட்டாலா, உள்ளே அடைத்த குழாய்களாலா, தேய்ந்த பம்பாலா என்பதை ஹோஸ்கள் சொல்லாது. ரேடியேட்டரின் முகத்தில் ஆங்காங்கே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் உள்குழாய்களைச் சந்தேகிக்கலாம். அவை தென்படாவிட்டால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தனியே சோதிப்பதே நேர்வழி.

அந்தச் சோதனைக்கு ஒரு பாத்திரம், தண்ணீர், வெப்பமானி, சிறிது நூல் இவையே போதும். ஆறிய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காற்றுத் துளையைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் வழிந்தால் அது மூடவில்லை. பிறகு வால்வைச் சற்றே விலக்கி, அதன் விளிம்பில் நூலைக் கடிக்கவிட்டு, தெர்மோஸ்டாட்டை அந்த நூலிலேயே தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும் என்பதால், அடியையோ சுவரையோ அது தொடக் கூடாது. தண்ணீரைக் கலக்கியபடி மெதுவாகச் சூடேற்றினால், வால்வு திறக்கும் கணத்தில் பிடி தளர்ந்து தெர்மோஸ்டாட் நூலிலிருந்து நழுவி விழும். அப்போது வெப்பமானி காட்டும் எண் பொறிக்கப்பட்ட எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாக இருந்தால் குறையில்லை. மேலும் சூடேற்றி, எவ்வளவு திறக்கிறது என்பதைக் கையேட்டிலுள்ள அளவுடன் ஒப்பிடுங்கள். பின் ஆறவிட்டு, முழுமையாக மூடுகிறதா என்றும் பாருங்கள். 90 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்க 100 டிகிரிக்கு மேல் வேண்டியிருக்கலாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது என்பதால், அது முழுதும் திறக்கவில்லை என்று குப்பையில் எறிந்துவிட வேண்டாம்.

கொதிக்கும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது என்றொரு பழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட்டின் கேடுகள் அனைத்தும் இதனால் நிரந்தரமாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் அறிவதில்லை: பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் உள்ள இரண்டாவது தட்டு, முதன்மை வால்வு திறக்கத் திறக்கப் பைபாஸ் வழியை மூடிக்கொண்டு வரும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான கூலன்டின் கணிசமான பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே பம்புக்குத் திரும்பும். அதாவது, குளிர்ச்சிக்காகக் கழற்றிய செயலே சுமையின்போது என்ஜினைக் கொதிக்க வைக்கும்.

புதியதைப் பொருத்தும்போது மெழுகுக் கிண்ணம் என்ஜினின் பக்கம் இருக்க வேண்டும். காற்றுத் துளை மேல்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் காற்று தங்கி, கூலன்ட் தொடாத கிண்ணம் சூட்டையே உணராது. கேஸ்கெட்டையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகவே போட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வெப்பநிலைக்கான தெர்மோஸ்டாட்டையே தேர்ந்தெடுங்கள். குறைந்த எண்ணுள்ளதைப் போட்டால் என்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்பது சரியான கணக்கன்று. ரேடியேட்டரின் திறனைத் தெர்மோஸ்டாட் கூட்டிவிடாது. கூலன்டை நிரப்பி, காற்று முழுவதும் வெளியேறிய பின், என்ஜினை இரவு முழுவதும் ஆறவிட்டு, முதல் நாள் செய்த அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். மேல் ஹோஸ் குளிர்ந்திருக்க எண் ஏறி, 80 டிகிரியைத் தாண்டியதும் தயங்கி, சில டிகிரி இறங்கி, மீண்டும் ஏறி ஓரிடத்தில் நின்றால் வேலை முடிந்தது.